குடும்ப நல கோர்ட்டில் அரசு வக்கீல் யாருக்காக நிற்கிறார்? (தங்கச்சியின் ஜீவனாம்ச மனு தள்ளுபடி ஆகிவிட்டது)

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

என் தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு பெண் குழந்தை. 2023இல் அடி தாங்க முடியாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498-ஏ பிரிவில் வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. அந்த வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கிறது. அங்கே அரசு வக்கீல் ஒருவர் ஆஜராகிறார். நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

2024 தொடக்கத்தில் ஜீவனாம்சம் கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர் எழுதிக் கொடுத்ததை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். தனியாக வக்கீல் வைக்கவில்லை. 'அதுதான் அரசு வக்கீல் இருக்காரே' என்று நானும்தான் சொன்னேன்.

போன முறை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவரிடம் "அடுத்த வாய்தா எப்போ சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் தேதியைச் சொன்னார். வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள். இரண்டு வழக்குக்கும் அதுதான் தேதி என்று நினைத்துவிட்டாள். அது கிரிமினல் வழக்கின் தேதி மட்டும்தான். இடையில் குடும்ப நல கோர்ட்டில் இரண்டு வாய்தா ஓடிவிட்டது. டவாலி பெயரைக் கூப்பிட்டபோது யாரும் இல்லை. மனுதாரர் வரவில்லை என்று தள்ளுபடி.

எனக்குக் கேள்வி இரண்டு. குடும்ப நல கோர்ட்டில் அரசு வக்கீல் நமக்காகப் பேச மாட்டாரா? இந்த மனுவை மீட்க முடியுமா?

கருப்புக்கோட்டு:
தம்பி, முதலில் பதறாதீர்கள். மனுவை மீட்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன். பத்தொன்பது வருஷமாக இந்த வழக்குகளைத்தான் நடத்துகிறேன். உங்கள் தங்கச்சிக்கு நடந்தது மாதத்துக்கு ஒருமுறையாவது என் கண்ணில் படுகிறது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பவர் உதவி அரசு குற்ற வழக்குரைஞர், நாங்கள் ஏ.பி.பி. என்போம். 498-ஏ வழக்கில் வாதி உங்கள் தங்கச்சி கிடையாது, அரசாங்கம். வழக்குத் தலைப்பைப் பாருங்கள்: காவல் ஆய்வாளர், இன்ன காவல் நிலையம் என்றுதான் இருக்கும். தங்கச்சி அதில் முதல் சாட்சி. அவ்வளவுதான். ஏ.பி.பி. அரசுக்காக வழக்கு நடத்துகிறார். அவளுடைய சாட்சியம் அவருக்கு வேண்டும். ஆனால் அவளுக்குச் சோறு வருகிறதா, குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியாச்சா என்பது அவர் கையில் இருக்கும் கோப்பில் வராது. அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு தூக்கிக்கொண்டு வருகிறார் என்று பார்த்திருப்பீர்கள்.

குடும்ப நல நீதிமன்றம் வேறு இடம். 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி நடப்பது. அதில் 13ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எந்தத் தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது. நீதிபதி அனுமதித்தால்தான் வக்கீல். புருஷன் பொண்டாட்டி சண்டையை வக்கீல்கள் இழுத்தடிக்கக் கூடாது, நீதிபதியும் ஆலோசகரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் அனுமதி மனுப் போட்டால் கொடுத்துவிடுகிறார்கள், வக்காலத்து ஏறிவிடும். நீதிக்குத் தேவை என்று நீதிபதிக்குத் தோன்றினால் 'அமிக்கஸ் க்யூரி'யாக ஒரு வக்கீலின் உதவியை அவரே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த வக்கீல் நீதிமன்றத்துக்கு உதவுபவர், உங்கள் தங்கச்சிக்கு அல்ல.

ஆக, குடும்ப நல கோர்ட்டில் உங்களுக்காக அரசு வக்கீல் என்று ஒருவர் தானாக வந்து நிற்க மாட்டார்.

ஆனால் அரசு பணம் கொடுத்து, உங்களுக்காக மட்டுமே நிற்கிற வக்கீல் ஒருவர் உண்டு. அவருக்கு அரசு வக்கீல் என்று பெயர் இல்லை. சட்ட உதவி வக்கீல். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆவது பிரிவு. பெண் என்றாலே போதும், குழந்தை என்றாலே போதும். வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அதன் செயலாளர் சார்பு நீதிபதி அந்தஸ்தில் இருப்பவர். 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

இப்போது மனு விஷயம். உடனே மீட்டெடுப்பு மனுப் போடுங்கள். தேதிக் குழப்பம் எப்படி வந்தது என்பதை அப்படியே எழுதுங்கள், அந்தக் காலண்டர் தாளையும் இணைக்கச் சொல்வேன். புது மனுவும் போடலாம், தடை இல்லை. ஆனால் பழையதை மீட்பதுதான் லாபம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. புது மனுப் போட்டால் புதுத் தேதி. இடைப்பட்ட மாதங்களின் பணம் போய்விடும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. 'வழக்கில் வாதி அவள் கிடையாது' என்று நீங்கள் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதான் அன்னிக்கு என்னை வெளியே நிக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். சாட்சியாக ஏறும் வரை உள்ளே உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நேர்வழி:
வைகைக்கரை, என் அனுபவத்தில் சொல்கிறேன், இலவச வக்கீலை நம்பிப் போகாதீர்கள். என் பெரியம்மா மகளுக்குக் கொடுத்த வக்கீல் மூன்று வாய்தாவுக்கு வரவே இல்லை. ஜூனியர் கூட வரவில்லை. வந்த அன்றைக்கும் 'டைப்பிங் செலவு' என்று 2,000 ரூபாய் கேட்டார். கடன் வாங்கியாவது சொந்தமாக ஒருவரை வையுங்கள்.

மல்லிகை:
நேர்வழி சார், உங்கள் வீட்டில் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் 'நம்பாதீர்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். கடன் வாங்கக்கூட வழியில்லாமல் இருந்தவள் நான்.

2021இல் கையில் நாலு வயசுப் பையன், ஒரு மஞ்சப்பையில் ரேஷன் அட்டை, ஆதார், கல்யாணப் பத்திரிகை, இரண்டு போட்டோ. இதோடுதான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுத வராமல் கை நடுங்கியது. அங்கே இருந்த சட்டத் தன்னார்வலர் அம்மா நான் சொல்லச் சொல்ல எழுதினார். 'கணவர் தொழில்' என்ற இடத்தில் நான் 'டிரைவர்' என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, "யார் வண்டி? சொந்த வண்டியா, கம்பெனி வண்டியா?" என்று கேட்டார். சொந்த வண்டி, இரண்டு லோடு வேன். 'இதைச் சொல்லணும்மா, இதுதான் முக்கியம்' என்றார். அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

எனக்குக் கிடைத்த வக்கீல் சின்னப் பெண், மூன்று வருஷம்கூடத் தொழில் செய்திருக்க மாட்டார். என் கணவர் வருமானம் இல்லை என்று சொன்னபோது, இந்த வக்கீல் இரண்டு வண்டியின் ஆர்.சி. விவரத்தையும் எடுத்து வைத்தார். இடைக்கால ஜீவனாம்சம் மாதம் 7,000 வந்தது.

குறை இருந்தால் அதே அலுவலகத்தில் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். என் பக்கத்து இருக்கைப் பெண் அப்படி மாற்றிக்கொண்டார். அதையும் செய்யாமல் சும்மா இருந்தால்தான் வழக்குக் கெட்டுப்போகும்.

கருப்புக்கோட்டு:
மல்லிகை சொன்னதை வழிமொழிகிறேன். சட்ட உதவியில் நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்கவே கூடாது, டைப்பிங் செலவு என்ற பெயரிலும் கூடாது. கேட்டால் அதுவே புகார். நேர்வழி, உங்கள் உறவுப் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் இப்போதும் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த 'யார் வண்டி?' கேள்வியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைச் சரியாக நிரப்பினால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. ஏ.பி.பி.க்கு அதில் வேலையே இல்லை.

தனிமரம்:
நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். திட்ட வேண்டாம்.

எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. தவறு இரண்டு பக்கமும் இருந்தது, என் பக்கம் கூடுதலாகவே என்று இப்போது சொல்ல முடியும். அவள் 498-ஏ கொடுத்தாள். பிறகு பெரியவர்கள் பேசி, குடும்ப நல கோர்ட்டில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கினோம். நகை, பணம் எல்லாம் கொடுத்தாயிற்று. 'இனி எந்த வழக்கும் இல்லை' என்று ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் நிம்மதியாக வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்துப் பிடிவாரண்ட் வந்தது. அம்மா போனில் அழுதார். ஓடி வந்து ஏ.பி.பி.யைப் பார்த்தேன். "சார், அவங்களே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே, நீங்க முடிச்சுடலாமே" என்றேன். "இது அவங்க வழக்கு இல்லையே தம்பி, அரசு வழக்கு. சமரசம் ஆகக்கூடிய பிரிவும் இல்லை. நான் முடிக்க முடியாது" என்றார். அன்றைக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டோம். அவளும் வந்தாள். இருவரும் ஆதார் அட்டையோடு நீதிபதி முன் நின்றோம். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து சமரசம் உண்மைதான் என்று காவல் நிலையத்தில் விசாரித்த விவரத்தைச் சொன்னார். ரத்து ஆனது. குடும்ப நல கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால் என் அம்மா அந்த ராத்திரி அப்படி அழுதிருக்க மாட்டார்.

கருப்புக்கோட்டு:
தனிமரம், இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் கதையும் வைகைக்கரை தங்கச்சியின் கதையும் ஒரே குழப்பத்தின் இரண்டு முனை. அவள் அரசு வழக்கைத் தன் வழக்கு என்று நினைத்தாள், நீங்கள் உங்கள் வழக்கு முடிந்ததும் அரசு வழக்கும் முடிந்தது என்று நினைத்தீர்கள்.

498-ஏ தமிழ்நாட்டில் ராஜியாகக்கூடிய பிரிவு இல்லை. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த குற்றத்துக்குப் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்று வரும், நிலைமை அதேதான். உயர் நீதிமன்றம் தனக்குள்ள உள்ளார்ந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாம். பி.எஸ். ஜோஷி வழக்கில் 2003இலும் கியான் சிங் வழக்கில் 2012இலும் உச்ச நீதிமன்றம் அந்த வழியை உறுதியாக்கிக் கொடுத்தது. சமரசப் பத்திரம் எழுதும்போதே 'ரத்து மனுவுக்கு நேரில் வந்து ஒத்துழைப்பேன்' என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்வேன். இதை என் கட்சிக்காரர்களிடம் பிடிவாதமாகவே சொல்வேன்.

அரசு வழக்குரைஞர் எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுப்பவரும் இல்லை. சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விஷயம் இருந்தாலும் அதையும் நீதிமன்றத்துக்குக் காட்டுவது அவர் கடமை. பாதிக்கப்பட்டவர் சொந்த வக்கீல் வைத்தால், அந்த வக்கீல் அரசு வழக்குரைஞரின் சொல்படி உதவலாம், சாட்சியம் முடிந்ததும் அனுமதி வாங்கி எழுத்துமூல வாதம் கொடுக்கலாம். தங்கச்சியின் கிரிமினல் வழக்குக்கும் இது பொருந்தும்.

வசதியில்லாத கணவனுக்கும் உதவி உண்டு. 2022 முதல் மாவட்டங்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் முறை வந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக, அரசு சம்பளத்தில், முழுநேரமாக நிற்பவர்கள் அவர்கள்.

டல்லஸ்_தமிழ்:
இதே குழப்பம் இங்கே டெக்சஸிலும் நடக்கிறது. என்னோடு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்காக இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன், அதனால் தெரியும்.

இங்கே குழந்தைக்கான மாதப் பணத்தை வாங்கித் தருவது மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். 1975இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் தொடங்கியது. அப்பா பணம் கொடுக்காவிட்டால் அம்மா அரசு உதவித்தொகைக்கு வருகிறாள், அந்தச் சுமையை அப்பாவிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பதுதான் முதல் காரணம். கோர்ட்டில் மேஜைக்கு அந்தப் பக்கம் அரசு வக்கீல் உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், 'நான் உங்கள் வக்கீலும் இல்லை, அவருடைய வக்கீலும் இல்லை, மாநிலத்தின் வக்கீல்' என்று. டெக்சஸ் குடும்பச் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. விவாகரத்தும் வீடும் அவரே பார்ப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அது எதுவும் அவர் வேலை இல்லை.

ஆனால் பணம் வசூலிப்பதில் அரசு இறங்கினால் இறங்கியதுதான். முதலாளிக்குக் கடிதம் போய்ச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரி திரும்ப வருவதை எடுத்துக்கொள்வார்கள். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. அவள் ஒவ்வொரு மாதமும் கோர்ட்டுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை.

மல்லிகை:
டல்லஸ்_தமிழ், கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. 7,000 ரூபாய் உத்தரவு ஆன பிறகு முதல் ஐந்து மாதம் பைசா வரவில்லை. மறுபடி மனு, மறுபடி வாய்தா, வாரண்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நானே போனேன். 'ஆள் ஊரில் இல்லம்மா' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த மனுஷன் வேன் எந்த ஷெட்டில் நிற்கும் என்று நானே கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் பிடித்தார்கள்.

கருப்புக்கோட்டு:
இங்கேதான் எனக்கு நம் ஏற்பாட்டின் மேல் உண்மையான வருத்தம். அடித்தான் என்று வழக்குப் போட்டால் அரசு தன் வக்கீலை அனுப்புகிறது. பிள்ளைக்குச் சோறு போடவில்லை என்றால், கோர்ட் உத்தரவு போட்ட பிறகும், அதை வசூலிக்க அரசு யாரையும் அனுப்பவில்லை. அவளே அலைய வேண்டும். வசூலுக்கென்று மாவட்டத்துக்கு ஒரு அரசு வழக்குரைஞர், அவர் கையில் வாரண்டைப் பின்தொடர ஒரு காவலர். இவ்வளவு போதும். சட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை.

அதுவரை கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியது: பாக்கி சேர்ந்தால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் பழைய மாதங்களுக்கு வாரண்ட் வாங்க முடியாது. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்துவிட்டால் பாக்கி தீர்ந்தது என்று சொல்லும் ஆண்கள் இருக்கிறார்கள். தீராது. குல்தீப் கவுர் வழக்கில் 1989இலேயே சொல்லிவிட்டார்கள்.

கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் யோசியுங்கள். அதில் 20ஆவது பிரிவின் கீழ், முதலாளியே நேரடியாக மனைவிக்கோ நீதிமன்றத்துக்கோ கட்டும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அறிக்கை எழுதுவதும் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்வதும் அவர் கடமை. மனுவை அவளுக்காக வாதாடுவது அவளுடைய வக்கீல்தான். அந்தச் சட்டத்தில் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் அது தனிக் குற்றம், அப்போது மறுபடி ஏ.பி.பி. வருவார்.

யாழ்_நிலா:
இலங்கையிலிருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்திலதான், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ். அரச சட்டத்தரணி வந்து பேச மாட்டார். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போவார்கள். என்ர அக்காவும் அப்படித்தான் போனவ. அங்கேயும் முதல் நாள் "அரசாங்கத்து லோயர் எங்கே?" என்றுதான் தேடினவ.

பழைய_ஏடு:
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியன் நான். உண்மையிலேயே விவாகரத்து வழக்கில் அரசுக்காக மூக்கை நுழைக்கும் வக்கீல் இங்கிலாந்தில் உண்டு, 'கிங்ஸ் ப்ராக்டர்' என்று பெயர். 1860இலிருந்து கணவனும் மனைவியும் கூட்டுச் சேர்ந்து நீதிமன்றத்தை ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. 2014இல் 180 இத்தாலியத் தம்பதிகள் இங்கிலாந்தில் வசிப்பதாகப் பொய் சொல்லி விவாகரத்து வாங்கியதை அவர்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட அத்தனை பேரும் மெய்டன்ஹெட் ஊரில் ஒரே ஒரு தபால் பெட்டி முகவரியைக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் செல்லாது என்றாகிவிட்டது. அங்கேயும் அவர் மனைவிக்காகவோ கணவனுக்காகவோ வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வைகைக்கரை, ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டு வையுங்கள். அடுத்த தேதி அதிலேயே தெரியும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் தகவல் சொல்கிறேன். போன வாரம் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். வருமானச் சான்றிதழ் கேட்கவே இல்லை. நான்கு நாளில் வக்கீல் நியமனக் கடிதம் வந்தது. மீட்டெடுப்பு மனுப் போட்டாயிற்று, காலண்டர் தாளின் நகலோடு. நேற்று நீதிபதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்.

தங்கச்சி புதுக் காலண்டர் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். கிரிமினல் வழக்குக்குச் சிவப்பு வட்டம், ஜீவனாம்ச வழக்குக்கு நீல வட்டம். நீலத்துக்குப் பக்கத்தில் வக்கீலம்மாவின் போன் எண்ணை எழுதி வைத்திருக்கிறாள்.